மூன்றாவது வாஷர்

மருத்துவமனை மருந்துக் கவுண்டரில் கூட்டம் கொஞ்சம் குறைந்து, அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போது கம்பித் தடுப்புக்குக் கீழே இருந்த சந்து வழியாக ஒரு பழைய நோட்டுப்புத்தகம் உள்ளே வந்தது. நிமிர்ந்து பார்த்தால் வக்கீல்.

அவன் வக்கீல் ஒன்றும் இல்லை, அச்சகம் நடத்துகிறவன். அவளுடைய சித்தி மகன். சின்ன வயதில் எந்த ஆட்டமானாலும் விதியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் வாதாடுவான் என்று வீட்டில் வைத்த பெயர், தலை நரைத்த பிறகும் அவனை விடவில்லை.

"அக்கா, உன் கேடயம் என் கழுத்தை அறுக்குது," என்றான்.

"மருந்துச் சீட்டு இருந்தா குடு. இல்லன்னா வரிசையை விட்டுத் தள்ளி நில்லு."

அவன் தள்ளித்தான் நின்றான். ஆனால் வாய் நிற்கவில்லை. அந்த நோட்டில் இருந்தது அவளும் அவள் தம்பியும் வக்கீலுமாக மூன்று பேரும் சேர்ந்து சின்ன வயதில் உண்டாக்கிய விண்வெளி ஆட்டம். ஆளுக்கொரு கேப்டனாக வேடம் கட்டி, அந்தக் கேப்டனாகவே பேசி, கப்பலை ஓட்டிச் சண்டை போடும் ஆட்டம். அதைப் புத்தகமாக அச்சடிக்கப் போவதாக அவன் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது நிஜமாகவே வேலை நடக்கிறது. சனிக்கிழமை பிற்பகல்தோறும் அச்சகத்தின் பின்கட்டில், காகிதக் கட்டுகளுக்கு நடுவே, எட்டுப் பேர் உட்கார்ந்து ஆடிப் பார்க்கிறார்கள். வந்த தகராறு ஒன்றே ஒன்றுதான். ஆற்றல் கேடயம் வைத்திருக்கிற கப்பலை யாராலும் மூழ்கடிக்க முடியவில்லை.

"போன வாரம் ரெண்டு பேர் பாதியிலயே எழுந்து போயிட்டாங்க. விதியை எழுதினவங்க கணக்குல வீக்கான்னு ஒருத்தர் கேக்கறாரு."

"நீ என்ன சொன்ன?"

"எங்கக்கா அப்படித்தான்னு சொன்னேன். ஆறு வாரம் டைம் தர்றேன், சரி பண்ணிக் குடு."

அவள் நோட்டைத் திறந்தாள். பதினேழு வயதில் எழுதிய, வலப்பக்கம் சாய்ந்த தன் கையெழுத்து. நான்காம் பக்கத்தில் அடிக்கோடு போட்டு இருந்தது: 'கேடயம் உள்ள கப்பலுக்குச் சுற்றுக்கு மூன்று வாஷர் திரும்பக் கிடைக்கும்.' அதைப் பார்த்ததும் மூடிவிட்டாள். அந்த மூன்று எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும், வக்கீலுக்கும் தெரியும்.

அந்த வருஷம் தம்பிக்குப் பன்னிரண்டு வயது. சைக்கிளில் போனவனை லாரி தட்டிவிட்டு, தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டோடு வந்து படுத்தான். பத்து மாதம். அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். டிப்போவை ஒட்டிய குடியிருப்பில் இரண்டாவது மாடி வீடு. கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். கீழே பஸ்கள் உள்ளே வரும், போகும், டீசல் புகை மேலே ஏறும். அவன் நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு கிடப்பான்.

பஸ்களைப் பார்த்துத்தான் ஆட்டமே பிறந்தது. கப்பல்களுக்குப் பஸ் நம்பர்தான் பெயர். தம்பியின் கப்பல் பதினேழு ஏ. டிப்போவில் கழித்துப் போட்ட கால அட்டவணைத் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டி வான்வெளி வரைபடம் போட்டார்கள். அப்பா ஒரு டின் நிறைய போல்ட்டும் வாஷரும் கொண்டுவந்து கொடுத்தார். போல்ட்தான் கப்பல். அதில் கோத்த வாஷர்கள் அதன் காப்பு. ஒரு அடி விழுந்தால் ஒரு வாஷரைக் கழற்ற வேண்டும். வாஷர் எல்லாம் போய் வெறும் போல்ட் மிஞ்சிய பிறகு இன்னும் மூன்று அடி வாங்கினால் கப்பல் மூழ்கியது. வான்வெளியில் எப்படி மூழ்கும் என்று வக்கீல் இரண்டு நாள் வாதாடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

காப்பு இரண்டு வகை. ஒன்று இரும்புத் தகடு: பத்து வாஷர், போனால் போனதுதான். இன்னொன்று ஆற்றல் கேடயம்: ஆறே வாஷர், ஆனால் சுற்றுக்கு மூன்று திரும்ப வரும். ஒவ்வொரு சுற்றிலும் 'கேடயம் மேலே' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அந்தச் சுற்றில் கேடயம் இல்லை, அடி நேராகப் போல்ட்டில் விழும். கேடயம் தம்பியின் கப்பலுக்கு மட்டும்தான்.

முதலில் சுற்றுக்குத் திரும்ப வந்தது இரண்டு வாஷர்தான். மாவுக்கட்டை இரண்டாம் முறை பிரித்துத் திரும்பப் போட்டுவிட்டு வந்த அன்று, தம்பி சுவரைப் பார்த்துப் படுத்து யாரோடும் பேசவில்லை. மறுநாள் ஆட்டத்தில் அவள் மூன்றாவது வாஷரைக் கோத்தாள். ஏன் மூன்று என்று வக்கீல் வாயைத் திறந்ததும் சட்டையைப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், "இன்னொரு தடவை கேட்டா உனக்கும் மாவுக்கட்டுதான்," என்றாள். அவன் அதற்கப்புறம் அதைப்பற்றிப் பேசவே இல்லை. வக்கீல் தன் வாழ்நாளில் செய்த மிகப்பெரிய தியாகம் அதுதான்.

இப்போது முப்பது வருஷத்துக்குப் பிறகு அந்த மூன்றைக் குறைக்க அவளுக்குக் கை வரவில்லை. இருந்தாலும் சாப்பாட்டு இடைவேளைகளில், காலாவதியான இருப்புப் படிவங்களின் பின்னால் கட்டம் போட்டுக் கணக்குப் பார்த்தாள். ஒரு கப்பல் சுற்றுக்கு நான்கு பகடை உருட்டிச் சுடும். ஒரு பகடையில் நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் ஒரு அடி. சராசரியாக இரண்டு அடி. மூன்று திரும்ப வருகிற கேடயத்தின்மேல் இரண்டு அடி அடித்தால் கொசு கடித்த மாதிரி. இரண்டு திரும்ப வருகிறது என்று வைத்தால், ஒற்றைக்கு ஒற்றை நின்று சுடுகிற இரண்டு கேப்டன்களும் ஒருவரை ஒருவர் பார்த்தபடியே கிழவர்களாகிவிடலாம்.

சரி, ஒன்று என்று வைத்து ஒரு சனிக்கிழமை ஆடவிட்டாள். ஒருவர்கூடக் கேடயம் எடுக்கவில்லை. இரண்டு கப்பல்கள் சேர்ந்து சுட்டால் இரண்டே சுற்றில் கேடயம் கரைந்துபோகிறது, தகடு மூன்றாவது சுற்று வரை தாங்குகிறது. பின்னே எந்தப் புத்திசாலி அதை எடுப்பான்? அடுத்த சனிக்கிழமை, பகடை போட்டு எத்தனை வாஷர் என்று தீர்மானிக்கலாம் என்றாள். ஆட்டம் முழுக்க அதிர்ஷ்டமாகப் போய்விட்டது என்று குறைப்பட்டார்கள். நான்கு வாரம் ஓடிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நோட்டை முதலிலிருந்து புரட்டினாள். பின்பாதி முழுக்க வக்கீலின் பொடி எழுத்து. கோர்ட்டில் சாட்சி எழுதுவதுபோல, ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் சுற்றுச் சுற்றாக எழுதி வைத்திருந்தான். யார் எங்கே நகர்ந்தார்கள், எத்தனை அடி, எத்தனை வாஷர் மிச்சம். படிக்கப் படிக்க அந்த அறையே திரும்பி வந்தது. ஈரமான மாவுக்கட்டின் வாசனை, பகடை கட்டிலுக்கடியில் உருண்டால் அவள் குனிந்து தேடுவது, அம்மா தான் வேலை பார்த்த சலவைக் கூடத்திலிருந்து வெந்த விரல்களோடு வந்து, 'இன்னிக்கு யாரு ஜெயிச்சது?' என்று கேட்பது. பதினேழு ஏ நெருப்புப் பிடித்து, உடலில் இரண்டு அடி வாங்கி, இன்னும் ஒரே அடி என்ற நிலையில் கோளுக்குப் பின்னால் நழுவித் தப்பித்த அந்த மத்தியானங்கள். மூன்று பேருமே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள்.

அங்கேதான் அவளுக்கு இடித்தது. மூன்று வாஷர் திரும்ப வருகிற கப்பலுக்கு உடலில் எப்படி அடி விழும்?

விரலை வைத்துத் தம்பியின் கப்பலுக்கான வரிசையை மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தாள். கேடயம் ஆறு, கேடயம் ஐந்து, கோடு. கேடயம் ஆறு, கேடயம் ஆறு, கோடு. மூன்று சுற்றுக்கு ஒரு முறை, சில ஆட்டங்களில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை, தம்பி 'கேடயம் மேலே' என்று சொல்லவில்லை. அப்போது அவள் அதை மாத்திரை மயக்கம் என்று நினைத்தாள். 'மறந்துட்டேன்க்கா' என்பான். பாவம் பிள்ளை என்று அவளும் விட்டுவிடுவாள். ஒரு தடவை மறக்கலாம். அறுபது ஆட்டத்திலுமா?

மறுநாள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுத் துறைமுகத்துக்குப் போனாள். தம்பி அங்கே கிரேன் ஓட்டுகிறான். கால் லேசாகச் சாய்ந்த நடைதான், ஆனாலும் அந்த உயரத்துக்கு ஏணியில் தினமும் ஏறி இறங்குகிறவன். கேன்டீனில் டீயை வாங்கி அவள் முன்னால் வைத்துவிட்டு, என்ன விபரீதமோ என்று முகத்தைப் பார்த்தான். அவள் நோட்டைத் திறந்து அந்தக் கோடுகளைக் காட்டினாள்.

அவன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "வக்கீல் இதையெல்லாமா எழுதி வச்சான்?"

"நிஜமாவே மறந்தியா?"

"இல்லக்கா."

"அப்புறம்?"

"நீ அவனைப் படிக்கட்டுக்கு இழுத்துட்டுப் போய்ப் பேசினது எனக்குக் கேட்டுச்சு. கதவு திறந்துதானே இருந்தது. எனக்காகத்தான் மூணு குடுத்திருக்கேன்னு தெரிஞ்சுபோச்சு."

அவள் டீயைத் தள்ளி வைத்துவிட்டு அந்தக் கோடுகளை மறுபடி எண்ணினாள்.

"ரெண்டு நாள் அப்படியே ஆடிப் பாத்தேன். யாராலயும் ஒண்ணும் பண்ண முடியல. செம போர். படுக்கையில கெடக்கறேன், அங்க ஒண்ணும் நடக்கறதில்ல. அந்தத் தாள்லயாவது எனக்கு ஏதாவது நடக்கணும்னு தோணுச்சு. அதனால நானே ஒரு விதி வச்சுக்கிட்டேன். ரெண்டு சுத்துக்கு மேல கேடயம் நிக்காது. மூணாவது சுத்துல எறக்கியே ஆகணும். எப்ப எறக்கப் போறேன்னு உங்களுக்குத் தெரியாதில்ல, அதுக்குள்ள கோளுக்குப் பின்னாடி போய்ப் பதுங்கணும். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்."

"அதை அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"நீ அவ்வளவு ஆசையாக் குடுத்த. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

இத்தனை வருஷமாக, அந்தக் கப்பல் தன்னால்தான் மூழ்காமல் இருந்தது என்று உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை அவளுக்கு இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. அது போனதில் கொஞ்சம் வலித்தது. ஆனால் அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அசைய முடியாமல் கிடந்தபடியே, யாருக்கும் தெரியாமல் ஒரு ஆபத்தை உண்டாக்கி, அதிலிருந்து தானே தப்பித் தப்பி வந்திருக்கிறான் என்று நினைத்தபோது, அவனை அவள் இவ்வளவு நாளும் பாதிதான் பார்த்திருக்கிறாள் என்று பட்டது. கண்ணைத் துடைக்கக் கூச்சமாக இருந்ததால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"சரி, அது ஏன் எறங்குதுன்னு ஆடறவங்களுக்குக் காரணம் சொல்லணுமே," என்றாள்.

"என்ன பெரிய காரணம். எங்க கிரேன் மோட்டாரும் அப்படித்தான். விடாம தூக்கினா சூடேறிடும், ஆற விடணும். கேடயத்துக்கும் சூடேறுதுன்னு போடு."

துறைமுகத்தில் வேலைச் சங்கு ஊதும் வரை இருவரும் கேன்டீன் மேசையிலேயே எழுதினார்கள். கேடயம் தொடர்ந்து இரண்டு சுற்றுதான் நிற்கும். மூன்றாவது சுற்றில் இறக்கி ஆறவிட வேண்டும். விரும்பினால் முன்னாலேயே இறக்கலாம். ஏற்றமா இறக்கமா என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். எல்லோரும் சுட்ட பிறகுதான் சீட்டைத் திருப்பலாம். திரும்பக் கிடைப்பது மூன்று வாஷர். அதை அவள் குறைக்கவில்லை.

சனிக்கிழமை தம்பியும் அச்சகத்துக்கு வந்தான். இருட்டுவதற்குள் பத்து ஆட்டம் முடிந்தது. கேடயக் கப்பல் ஐந்தில் ஜெயித்தது, தகட்டுக் கப்பல் ஐந்தில். கணக்கில் வீக்கா என்று கேட்டவர் சீட்டைத் திருப்பும்போதெல்லாம் நாற்காலியின் நுனிக்கு வந்தார். வக்கீல் மட்டும் 'இறக்க வேண்டும்' என்று போடுவதா 'இறங்கிவிடும்' என்று போடுவதா என்று அரை மணி நேரம் வாதாடினான். போதும் என்று அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் சொன்ன பிறகுதான் ஓய்ந்தான்.

எட்டுப் பேரும் போன பிறகு மூன்று பேருமாக ஒரு ஆட்டம் போட்டார்கள். தம்பிக்குக் கேடயம், மற்ற இருவருக்கும் தகடு. அவன் முதல் சுற்றிலேயே இறக்குவான் என்று அவளுக்கு ஏனோ தோன்றியது. அவன் முகத்தைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்தபோது வைத்துக்கொள்கிற அதே அப்பாவி முகம். நான்கு பகடையையும் குலுக்கிப் போட்டாள். மூன்று அடி. எல்லோரும் சுட்டு முடிந்ததும் அவன் சீட்டைத் திருப்பினான். இறக்கம்.

"மூழ்கிடுச்சு," என்றான் வக்கீல், எழுதிக்கொண்டே.

தம்பி தன் போல்ட்டை வரைபடத்திலிருந்து எடுத்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். "அக்கா என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிடுச்சு. இன்னொரு ஆட்டம் போடு. இருங்க, வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டான். "நான்தான். வர லேட்டாகும். கப்பல் மூழ்கிடுச்சு."

துறைமுகத்தில் வேலை செய்கிறவன் சொன்னால் எந்த மனைவிதான் பதறமாட்டாள்? யாருக்காவது அடிபட்டுதா, நீங்க எங்க இருக்கீங்க என்று அந்தப் பக்கம் கேட்ட குரல் மற்ற இருவருக்கும் கேட்டது.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல," என்றான் அவன். "அக்காதான் சுட்டுச்சு."