யானைக்கு நேர்ந்த பழம்

ரத்தினசாமியும் கமலாத்தாளும் பாலக்காட்டுப் பக்கத்து எருத்தேன்பதியிலிருந்து விடிவதற்குள் புறப்பட்டு மூணாறு வந்திருந்தார்கள். காலையில் பூங்காவில் வரையாடு பார்த்தாயிற்று. கமலாத்தாளுக்கு அது போதவில்லை. துணிப்பை நிறையப் பூவன்பழச் சீப்புகளோடு ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏனுங் தம்பி, சின்னக்கானல் போனா ஆனை தெம்படுமுங்களா?”

“சொல்ல முடியாதும்மா,” என்றான் ஜீப் ஓட்டிய பெரியமுத்து.

“மகனுக்கு ஆப்பரேசன் நல்லபடியா முடிஞ்சா காட்டானைக்குப் பழம் குடுக்கறேன்னு வேண்டிக்கிட்டா,” என்றார் ரத்தினசாமி. “கோயில் ஆனைன்னு வேண்டியிருந்தா பாலக்காட்டோட முடிஞ்சிருக்கும். இவளுக்கு எல்லாமே பெருசா வேணும்.”

“நீங்க சும்மா இருங்க.”

பெரியமுத்து சிரிக்கவில்லை. பையின் வாயை இறுகக் கட்டித் தார்ப்பாயால் மூடச் சொன்னான். பழுத்த வாசனையோடு அந்த மலையில் யாரும் வண்டி ஏறுவதில்லை.

சின்னக்கானலை நெருங்கும்போது போன் வந்தது. இன்னொரு ஜீப்காரன் சகாயம்.

“மாப்ள, கொம்பன் ரோட்டுல நிக்கிறான். அணைக்குத் திரும்புற வளைவு. வெரசா வா, கூட்டம் சேருது.”

ஜீப்காரர்களிடம் அப்படி ஒரு வழக்கம். யானையைக் கண்டவன் மற்றவர்களைக் கூப்பிடுவான். நாளைக்கு அவர்கள் இவனைக் கூப்பிடுவார்கள். தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்களுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அதில் வன்மம் எதுவும் கிடையாது. போன வருஷம் மாசியில் இதே வளைவில் இப்படித்தான் வண்டிகள் அடைத்து நின்றன. தண்ணீருக்கு இறங்க வழியில்லாத யானை மேலே தேயிலைக்குள் ஏறியது. கொழுந்தை எடை போட்டுவிட்டுக் குறுக்குப் பாதையில் லயத்து வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த பெண்களில் கடைசியாக வந்தவள் முருகேஸ்வரி, பெரியமுத்துவின் மனைவி. அவள் வீடு போய்ச் சேரவில்லை. அன்று அவன் கொச்சிக்குச் சவாரி போயிருந்தான்.

ஜீப்பை ஓரங்கட்டி, கொழுந்து எடுக்கும் சுருளியம்மாளுக்குப் போன் போட்டான்.

“அக்கா, எடை முடிஞ்சிருச்சா?”

“இப்பத்தான். கெளம்பிட்டோம்.”

“குறுக்குல எறங்காதீங்க. ஷெட்டுலயே நில்லுங்க. வண்டி கொண்டாரேன்.”

மறுமுனையில் அவள் மற்றவர்களை நிற்கச் சொல்லும் குரல் கேட்டது. பிறகு, “சரிப்பா,” என்றாள்.

பெரியமுத்து பின்சீட்டுப் பக்கம் திரும்பினான். “ஆனை அங்கிட்டு நிக்குது. நான் இங்கிட்டுப் போகணும்.”

“அதப் பாக்கத்தானப்பா வந்தோம்?” என்றார் ரத்தினசாமி.

“போன வருசம் எம் பொண்டாட்டி அந்தப் பாதையிலதான் வந்துக்கிட்டிருந்தா.”

கமலாத்தாள் தார்ப்பாயின் மேல் வைத்திருந்த கையை எடுத்தாள்.

“வண்டியத் திருப்பு கண்ணு.”

எடை ஷெட்டில் பெண்கள் இடுப்பில் சுற்றிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் காத்திருந்தார்கள். ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கியடித்து ஏறினார்கள். சுருளியம்மாள் முன்சீட்டில் அமர்ந்தாள். சுற்றுப்பாதையில் பாதி தூரம் போனதும் மறுபடியும் சகாயம். வண்டிச் சத்தத்துக்காகப் பெரியமுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

“எங்கடா போயிட்ட? வண்டிகளப் பாத்துட்டு கொம்பன் மேல ஏறிட்டான். தேயிலைக்குள்ள போயிட்டான், இனித் தெரியாது.”

எதிர்ச்சரிவில் குறுக்குப் பாதை முழுவதும் தெரிந்தது. அதில் ஒருவரும் இல்லை.

“அன்னைக்கும் இப்படி ஒரு போனு வந்திருந்தா…” என்று ஆரம்பித்த சுருளியம்மாள், படங்கை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு நிறுத்திக்கொண்டாள். பெரியமுத்து கியரை மாற்றினான்.

லயத்தில் இறங்கியதும் கமலாத்தாள் பையை அவிழ்த்துப் பெண்களிடம் நீட்டினாள்.

“ஊட்டுக்குக் கொண்டு போங்க சாமி.”

“ஐயோ வேண்டாம்மா, ராத்திரி வாசனைக்கு ஆனை வாசலுக்கே வந்து நிக்கும்,” என்றாள் சுருளியம்மாள். “இங்கயே தின்னுட்டுப் போறோம்.”

முற்றத்தில் நின்றபடியே எல்லோரும் தின்றார்கள். சிரிக்கக்கூடச் செய்தார்கள். பெரியமுத்துவின் கையிலும் ஒரு பழத்தை வைத்தார்கள். அவன் உரிக்கவில்லை.

“ஒண்ணு செய்யுங்கம்மா,” என்றாள் சுருளியம்மாள். “தோலைக் கீழ கொண்டு போயிருங்க.”

கமலாத்தாள் குனிந்து ஒவ்வொரு தோலாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். ரத்தினசாமியும் குனிந்தார். கடைசியில் பெரியமுத்து தன் பழத்தையும் முழுதாக அதே பையில் போட்டுவிட்டு, வண்டியைக் கிளப்பினான்.