மூச்சுக்கு ஓடும் மீட்டர்

ராஜதுரை சங்கரன்கோவிலில் வெகுகாலமாக பிரிட்ஜ் மெக்கானிக். பழைய பிரிட்ஜோடு வருகிறவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்: ரிப்பேர் சின்னச் செலவுதான், இனி இது தின்னப்போகிற கரண்டுதான் பெருஞ்செலவு, பேசாமல் எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று. எடைக்குப் போகுமுன் உள்ளிருக்கும் கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடித்துக்கொள்வார். அந்த நேர்மையால் வேலை பாதியாகக் குறைந்தது.

நுரையீரல் சுருங்கிப் படுத்தபின் அவர் தலைமாட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. யாரோ பயன்படுத்திய பழசு. இரவும் பகலும் ஓடவேண்டும். முதல் பில்லிலேயே ஐநூறு யூனிட்டைத் தாண்டி, கணக்கு மேல் ரேட்டுக்குப் போய்விட்டது. மனைவி தங்கத்தாய் பூ மார்க்கெட்டில் கூலிக்குப் பூக்கட்டுகிறவள். முதலில் மிக்சியை நிறுத்தினாள். பிறகு பிரிட்ஜை விற்றாள். சித்திரை வெக்கையிலும் தனக்கு பேன் வேண்டாமென்று வாசலில் படுத்தாள். ராஜதுரை மீட்டர் இருந்த சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

ஒருநாள் மதியம் அவள் மார்க்கெட்டிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது வீட்டில் மெஷின் சத்தம் இல்லை. கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்தாள். பக்கத்து வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஓடினாள். தலைமாட்டுச் சுவரில் மெஷின் சுவிட்ச் அணைந்திருந்தது. ராஜதுரையின் உதடு நீலம் பாய்ந்து கிடந்தது.

சுவிட்சைப் போட்டு, அவரை நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டு மைமூனம்மாளைக் கூப்பிட்டாள். மைமூனம்மாள்தான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். வந்தவர்கள் பார்ப்பதற்குள் அவருக்கு மூச்சு திரும்பியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். தனியாக விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள்.

"ஏன் இப்பிடிச் செஞ்சீய?" என்றாள் தங்கத்தாய்.

"எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன், கரண்ட் தின்னுத பழச வீட்டுல வைக்காதீயன்னு. எனக்கு மட்டும் வேற கணக்கா?"

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "பில்ல நான் பாத்துக்கிடுதேன். நீங்க மூச்ச விடுங்க, அது போதும்" என்றாள். இனிச் செய்யமாட்டேன் என்று ஒரு வார்த்தை வரும் என அவள் காத்திருந்தாள். வரவில்லை.

சாயங்காலம் தண்ணீர் பிடிக்க அவள் எழுந்தபோது அவர் சேலை நுனியைப் பிடித்தார்.

"போகாத. தனியா கெடந்தா, கை மறுபடி அங்கதான் போவும்."

இத்தனை வருசத்தில் அவர் முகத்தில் பயத்தை அவள் பார்த்ததில்லை. கட்டிலை எதிர்ச்சுவருக்குத் தள்ளிப் போடச் சொன்னார். தங்கத்தாயும் மைமூனம்மாளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். குழாய் நீண்டு மட்டுக்குமட்டாக மூக்குவரை வந்தது.

ராஜதுரை சுவிட்சை நோக்கிக் கையை நீட்டிப் பார்த்தார். எட்டவில்லை. கையை மெல்ல நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.