என் பக்கத்து பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பதினாறு வருடமாக அதை மிதித்து மிதித்து, பேருந்தில் போனால்கூட என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். வீட்டில் என்னைக் கிண்டல் செய்ய அது ஒன்று போதும். முதல் ஆளாகக் கிண்டல் செய்கிறவள் என் மகள். அவளுக்கும் வயது பதினாறுதான்.

இரண்டு மாதமாக அவள் சிரிக்கவில்லை. பள்ளிக்குக் கிளம்பும்போது நெஞ்சை அடைக்கிறது, மூச்சு வரவில்லை என்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "பரீட்சை வந்தா மட்டும் வலிக்குமா? நல்லா நடிக்கிறடி" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவள் வலியைப் பற்றி வாயே திறக்கவில்லை. போன வாரம் வகுப்பிலேயே மயங்கிச் சரிந்தாள்.

இன்று காலை மருத்துவமனையில் இதயத்துக்கு எல்லாப் பரிசோதனையும் எடுத்தார்கள். நார்மல் என்று ரிப்போர்ட் வந்தது. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. வாசலில் நின்றே தங்கைக்கும் மாமியாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டு வந்து பார்த்தால், மகள் வண்டிக்குள் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுகிறாள்.

"ஏன்டி, நல்ல சேதிக்கு யாராவது அழுவாங்களா?"

"நார்மல்னா நான் நடிச்சேன்னு ஆயிடுச்சுல்ல? ஏதாவது வியாதி இருக்கக்கூடாதான்னு இருந்துச்சும்மா. அப்பவாவது நீ நம்புவே."

நான் நம்பவேண்டும் என்பதற்காக என் பெண் வியாதிக்கு ஆசைப்பட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. மேட்டில் வண்டி பின்னால் உருண்டால், மீசையை முறுக்கிக்கொண்டு என்னிடம் ஓட்டப் பழக வருகிற ஆளுக்கே கை நடுங்கும், சட்டை நனையும். அவரிடம் நடிக்காதே என்றா சொல்கிறேன்? "பயப்படாதீங்க, பிரேக்ல என் கால் இருக்கு" என்பேன். ஊருக்குத்தான் என் உபதேசம்.

"நம்புறேன்டி. உனக்கு வலிச்சது நிஜம். நான்தான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன், மன்னிச்சிரு" என்றேன். "வா, டாக்டரம்மாகிட்டயே திரும்பப் போய்க் கேப்போம்."

அவர் பொறுமையாகச் சொன்னார். "இதயம் நல்லா இருக்கும்மா. ஆனா வலியும் நிஜம்தான். மனசு ரொம்பப் பதறினா உடம்பு இப்படிக் காட்டும். உன் வயசுல நிறையப் பேருக்கு வருது. சரி பண்ணிடலாம்." மாடியில் இருக்கும் மனநல ஆலோசகரிடம் அப்போதே நேரமும் வாங்கிக் கொடுத்தார்.

"நிறையப் பேருக்கா?" என்று மகள் இரண்டு தடவை கேட்டாள்.

உள்ளே அவள் தனியாகத்தான் போகவேண்டுமாம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். என்ன கேட்கிறார்களோ, இவள் பேசுவாளோ மாட்டாளோ என்று முக்கால் மணி நேரம் போனது. கதவு திறந்தது. அவள் கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் தெளிந்திருந்தது.

"அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்காங்க. வரேன்னு சொல்லிட்டேன்."

பிறகு குனிந்து பார்த்தாள். என் வலது கால் தரையைப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தது.

"காலை எடும்மா. இங்க பிரேக் இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான்தான் அழுதேன்.