கழற்ற முடியாத எஃபெக்ட்

என் குரலை எடுத்தது டாக்டர். தைராய்டில் கட்டி, ஒட்டினாற்போல் குரல் நரம்பு. என்ன ஆகலாம் என்று முன்கூட்டியே உட்காரவைத்துச் சொல்லிவிட்டுத்தான் கத்தியை எடுத்தார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் ஆத்திரமெல்லாம் என் தம்பி மேல்தான். நாற்பத்தோரு வயது, ஃபிரிட்ஜ் மெக்கானிக், கூடப்பிறந்தவன். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

இருபத்திரண்டு வருஷம் மெல்லிசைக் குழுவில் பாடினேன். பெரும்பாலும் இரண்டாம் குரல். முன்னால் நிற்கிறவளுக்குத் தொண்டை கட்டினால்தான் எனக்கு முழுப் பாட்டு. மேடையில் யாராவது போனில் பிடித்தவற்றில் டிரம்ஸ் இருக்கிறது, கைதட்டல் இருக்கிறது, நான் எங்கோ மூலையில் இருக்கிறேன். வீட்டுப் போனில் என் பேச்சு வண்டி வண்டியாகக் கிடக்கிறது, பாட்டு ஒன்றுகூட இல்லை. டாக்டர் தேதி குறித்ததும் எனக்கு ஒரே ஓர் ஆசைதான் வந்தது. நான் தனியாகப் பாடிய ஆறு பாட்டு, என் குரலில், எங்காவது இருக்க வேண்டும்.

"ஸ்டுடியோவுக்கு எதுக்குக்கா போற? நான் இருக்கேன்ல" என்றான் தம்பி.

லேப்டாப்பில் இசை மென்பொருள் ஒன்றை ஏற்றிக்கொண்டு, 'புதியவர்களுக்கு' என்று போட்ட வீடியோக்களை மூன்று வாரமாகப் பார்த்துத் தள்ளியிருந்தான். அதில் மிக்சர் என்று ஒரு பக்கம். வரிசையாகச் சேனல்கள், ஒவ்வொரு சேனலிலும், குரலை மாற்றிக் காட்டும் எஃபெக்ட் மாட்டப் பத்து இடம். பத்து இடம் இருந்தால் பத்தையும் நிரப்ப வேண்டும் என்று எந்த மகராசன் அவனுக்குச் சொன்னானோ! சத்தம் எதிரொலிக்காமல் இருக்க ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்து, துணி அலமாரியைத் திறந்துபோட்டு, என்னை மைக் முன்னால் நிறுத்தினான். ஹெட்போன் அவன் காதில். நான் பாடப் பாட அவன் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்து, நன்றாகத்தான் வருகிறது போலிருக்கிறது என்று நம்பினேன் மடச்சி. இரண்டு பகலில் ஆறு பாட்டும் முடிந்தது. மூன்றாம் நாள் ஆபரேஷன்.

அதன் பிறகு நான்கு மாதம் அந்தப் பாட்டுகளைக் கேட்கவே இல்லை. குரல் திரும்பிவிட்டால் கேட்க வேண்டிய அவசியமே இருக்காது என்று ஒரு பிடிவாதம். வந்ததெல்லாம் பஞ்சரான டியூபில் காற்று போகிற சத்தம்தான். தொண்டைப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் அம்மா, "இதுக்கு மேல பெருசா எதிர்பார்க்காதீங்க" என்று சொன்ன அன்று மதியம், தம்பியைக் கூப்பிட்டுப் பாட்டைப் போடச் சொல்லிச் சைகை காட்டினேன்.

போட்டான். யாரோ ஒரு பெண் பெரிய மண்டபத்தின் நடுவில் நின்று பாடினாள். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு வால் நீண்டது. மேலே ஏறும்போது எனக்கு ஒரு வழுக்கல் உண்டு, கீழே இருந்து தொட்டுக்கொண்டுதான் ஏறுவேன். இவளுக்கு அது கிடையாது. படிக்கட்டு ஏறுகிறவள்போல டக் டக்கென்று ஏறினாள். நடுவில் மூச்சே விடவில்லை.

'யார்ரா இவ?' என்று காகிதத்தில் எழுதினேன்.

"நீதான்க்கா! சுருதிய நேராக்குற எஃபெக்ட், மண்டப எதிரொலிக்கு ரிவெர்ப், மூச்சுச் சத்தத்த வெட்டுறதுக்கு ஒண்ணு... எப்படி இருக்கு? ஸ்டுடியோ தோத்துடும்ல?"

'எல்லாத்தையும் கழட்டு.'

"அவ்ளோதானே" என்று மிக்சரில் ஒவ்வொன்றாக அணைத்தான். மறுபடி போட்டான். மண்டபம் கொஞ்சம் சுருங்கியது, பாடியது அதே பெண்தான். இன்னொரு தரம் போட்டான். நெற்றி வேர்த்துவிட்டது அவனுக்கு.

விஷயம் இதுதான். குரலை வெறுமனே பதிவு செய்துவிட்டு, பிறகுதான் எஃபெக்டை மாட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் கழற்றிக்கொள்ளலாம். முதல் பாடமே இதுதானாம். இவன் பத்தையும் முதலில் மாட்டி, அதே சேனல் வழியாகவே பதிவு செய்திருக்கிறான். மைக்கில் போன என் குரல் அத்தனையையும் தாண்டி, வெந்து வதங்கித்தான் கோப்பில் விழுந்திருக்கிறது. கழற்ற அங்கே ஒன்றும் இல்லை. உலகத்தில் எங்கேயும் என் பாட்டு இல்லை.

எனக்குக் குரல் மட்டும் இருந்திருந்தால் அன்றைக்குத் தெருவே கூடியிருக்கும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வாய் துடித்தது, தொண்டை ஒத்துழைக்கவில்லை. திட்டுவதற்கும் வக்கில்லாமல் போனதே என்று இன்னும் கொதித்தது. கரண்டியால் மேசையில் ஓங்கி ஓங்கி அடித்தேன்.

"உன் குரல நல்லா காட்டணும்னுதான்க்கா..." என்று இழுத்தான்.

'என் குரல் நல்லா இல்லன்னு உன்கிட்ட யார்டா சொன்னது?' அழுத்திய அழுத்தில் பேனா காகிதத்தைக் கிழித்தது. படித்தான். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஐந்து நாள் கழித்து வந்தான். ஷேவ் செய்யாத முகம். நான் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"ஒவ்வொரு கோப்பா தொறந்து பாத்தேன்க்கா. பதிவுக்கு முன்னாடி மைக் வேலை செய்யுதான்னு பாத்தோம்ல, அது வேற சேனல்ல விழுந்திருக்கு. அதுல ஒரு எஃபெக்டும் மாட்டல. அம்பது செகண்ட் இருக்கு."

போட்டான். முதலில் அவன் இருமல். அப்புறம் நான். "மூஞ்சிய ஏன்டா அப்படி வச்சிருக்க? சுருதியெல்லாம் எனக்குத் தெரியும். மேல போறப்ப இப்படித் தொட்டுட்டுத்தான் போகணும், கேளு" என்று அதட்டிவிட்டு, ஆறில் ஒரு பாட்டின் முதல் இரண்டு அடியைப் பாடியிருந்தேன். வழுக்கல் இருந்தது. நடுவில் மூச்சு வாங்கியது கேட்டது. உச்சியில் குரல் லேசாகப் பிசிறியது. நானேதான். ஏழு தடவை போடவைத்துக் கேட்டேன், ஏழு தடவையும் அழுதேன்.

தம்பிக்கும் கண் கலங்கியிருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மௌஸில் கைவைத்தான்.

"ஃபேன் ஓடிட்டு இருந்திருக்குக்கா, பின்னாடி இரைச்சலா கேக்குது. அத மட்டும் லேசா எடுத்துடட்டுமா? ஒரே ஒரு எஃபெக்ட்..."

"கைய வச்ச, ஒடிச்சிடுவேன்!"

பேனாவைத் தேடவே இல்லை. காற்றும் கரகரப்புமாகத்தான் வந்தது, ஆனால் ஒரு சொல் விடாமல் வெளியே வந்தது. அவன் மௌஸை என் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.