மூடியிருந்த கதவு

விடிந்ததும் எழுந்தான். பல் துலக்கினான். பாலை அடுப்பில் வைத்துவிட்டு அங்கேயே நின்றான். பொங்கி வரும்போது அணைத்தான். தேநீர் குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். காலுறை, ஷூ. வெளியே வந்து கதவை இழுத்தான். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. ஆனாலும் தள்ளிப் பார்த்தான். பாதிப் படி இறங்கியவன் திரும்ப ஏறி வந்து இன்னொரு தடவையும் தள்ளிப் பார்த்தான்.

மனைவி இந்த வீட்டுச் சமையலறையில் கொலையாகி மூன்று மாதம். வீட்டை மாற்றச் சொல்லாதவர்கள் இல்லை. எல்லோருக்கும் தலையாட்டினான். மாற்றவில்லை.

கீழ்ப்படியில் மாமியார் உட்கார்ந்திருந்தாள்.

"மேல வந்திருக்கலாமே அத்தை."

"அந்த வீட்டுல இனி நான் கால் வைக்க மாட்டேன் மாப்பிள்ளை." எழுந்திருக்கவில்லை. "இன்னைக்கு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்காங்களாமே. என் பையன் செய்யலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"நான் சொன்னா விட்டுருவாங்களா?"

"நீங்க சொல்லித்தானே பிடிச்சாங்க."

அவன் வண்டிச் சாவியை எடுத்தான்.

"என் பையன் ஒண்ணும் உத்தமன் இல்லை. வாயைத் திறந்தா பொய், உருட்டுதான். அக்காவே அவனுக்கு 'உருட்டு'ன்னுதான் பேர் வெச்சிருந்தா. ஆனா அக்கா மேல கை வைப்பானா? காய்ச்சல் வந்தாக்கூட என்கிட்ட வர மாட்டான், அவகிட்டதான் போய்ப் படுப்பான்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கடைசியா அவ 'பார்த்துப் போங்க'ன்னு சொன்னதா சொன்னீங்களே. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் இன்னும் உயிரோட இருக்கேன். அந்த வாய்க்காகச் சொல்லுங்க மாப்பிள்ளை."

"வாங்க, வண்டியில ஏறுங்க" என்றான்.

போலீஸ் பயிற்சிக் கல்லூரியில் அவன் தடயவியல் உளவியல் நடத்துகிறான். வீட்டிலும் வெளியிலும் அவனுக்கு ஒரே பெயர்தான், வாத்தியார். கொலைகாரனின் கண்ணைப் பார்த்தே மனதைப் படிக்கிற வித்தை என்று நம்பிக்கொண்டு வருகிறவர்களிடம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவான்: "நான் குறி சொல்றவன் இல்லை. ஆளைத் தேடாதீங்க, அவன் செஞ்சதைப் பாருங்க. எப்படி உள்ள வந்தான், எதைத் தொட்டான், எதைத் தொடாம விட்டான். அதுல இருந்துதான் ஆள் வருவான்."

மனைவியை அடக்கம் செய்த மறுநாள் இந்த வழக்கைப் பார்க்கிற பெண் இன்ஸ்பெக்டர் துக்கம் விசாரிக்க வந்தாள். அவனிடம் படித்தவள், அவனைவிடப் பத்து வயது மூத்தவள். எழுந்து போகும்போது தயங்கித் தயங்கி, "உங்களுக்கு என்ன தோணுது சார்?" என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. அவனும் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வீடு நிறைய அழுகிற சனம். அவனுக்கு அழுகை வரவில்லை. ஏதாவது வேலை இருந்தால் தேவலை என்றிருந்தது. உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தான்.

கொலை நடந்த அன்று மதியம் அவன் சாவி போட்டுத்தான் கதவைத் திறந்தான். காலையில் அவனே மூடிவிட்டுப் போன கதவு. பூட்டில் கீறல் இல்லை. முன்பின் தெரியாதவர் மணி அடித்தால் அவள் திறக்க மாட்டாள். ஆகவே தெரிந்த ஆள். சமையலறைவரை வரவிட்டிருக்கிறாள், ஆகவே நெருங்கிய ஆள். திட்டமிட்டு வந்தவனில்லை. கோபத்தில் பிடித்துத் தள்ளியிருக்கிறான், மேடையின் விளிம்பில் தலை மோதியிருக்கிறது. கழுத்துச் சங்கிலியும் போனும் காணாமல் போனது, திருட்டு என்று நம்ப வைப்பதற்காக. இளைஞன். நிலையான வேலை இல்லாதவன். அவளோடு அண்மையில் சண்டை போட்டவன்.

பெயர் எழுதவில்லை. எழுதவும் தேவையிருக்கவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் தம்பிக்காரன் அவள் ஸ்கூட்டரைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதியிருந்தான். அவள் ஓங்கி ஓர் அறை விட்டாள். "உன்னைக் கொல்லாம விட மாட்டேன்டி" என்று அவன் கத்தியது மாடி முழுக்கக் கேட்டது. அக்கா தம்பி இருக்கிற வீடுகளில் வாரம் ஒருமுறை கேட்கிற வசனம். கொலை நடந்த காலையில் எங்கே இருந்தாய் என்று கேட்டதற்கு, அவன் வழக்கம்போல ஆளுக்கொரு கதை சொன்னான். உள்ளே போட்டுவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் அறையில் மின்விசிறி சத்தத்தோடு சுற்றியது. மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஒரு புது ஆள் மாட்டியிருக்கான் சார்" என்றாள் இன்ஸ்பெக்டர். "பூட்டை உடைக்கத் தெரியாது, சுவர் ஏறத் தெரியாது. திறந்த வீட்டுல நாய் நுழையிற மாதிரி நுழைவான். காலை நேரத்துல கதவு திறந்திருந்தா உள்ள போய்க் கையில கிடைச்சதை எடுத்துட்டு, வெளிய வரும்போது கதவை இழுத்துச் சாத்திட்டு வருவான். அன்னைக்கு உங்க தெருவுல அவனைப் பார்த்தவங்க இருக்காங்க."

"அப்ப அவன் இல்லை. கதவு மூடியிருந்துச்சு."

"அதான் சார் இடிக்குது. தம்பி மேல சார்ஜ் ஷீட் போடுறதுக்கு முன்னாடி அந்த ஒண்ணை மட்டும் உறுதி பண்ணிக்கணும். அன்னைக்கு வகுப்புல இருந்து ஆரம்பிங்க. அப்படியே பின்னாடி போங்க."

"என் மருந்தை எனக்கேவா மேடம்?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானே. முன்னாடியிருந்து சொன்னா மனப்பாடம்தான் வரும், தினமும் நடக்கிறதை எடுத்து அன்னைக்கும் நடந்ததா ஒட்டிடுவோம்னு."

"கடைசி பெஞ்சுல தூங்கிட்டு இருந்தீங்கன்னு நினைச்சேன்."

"பாதிதான் சார் தூங்கினேன். கண்ணை மூடுங்க."

மூடினான். "பலகையில எழுதிட்டு இருந்தேன். யாரோ இருமிக்கிட்டே இருந்தான். வலது கால்ல ஷூ இல்லை, கழட்டி மேஜைக்கு அடியில வெச்சிருந்தேன்."

"ஏன் சார்?"

"காலுறை ஈரம்."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. முதல் வாக்குமூலத்தில் இது இல்லை. அன்று மழையும் இல்லை.

"அதுக்கு முன்னாடி?"

"வண்டி ஓட்டினேன். அதுக்கு முன்னாடி... படிக்கட்டு. கீழ்ப்படியில உக்காந்துதான் ஷூ மாட்டினேன். அதுவரைக்கும் கையில இருந்துச்சு."

"எப்பவும் அப்படித்தானா?"

"இல்லை. வீட்டுக்குள்ளயே மாட்டிடுவேன். அன்னைக்கு..." உதட்டை நனைத்துக்கொண்டான். "தரையை மிதிக்க விடலை. துடைச்சுட்டு இருந்தா. பால் பொங்கிருச்சு மேடம். பார்த்துக்கச் சொல்லியிருந்தா. நான் போன்ல எதையோ படிச்சுட்டு நின்னேன். மேடையெல்லாம் வழிஞ்சு ஹால் வரைக்கும் ஓடிருச்சு. தண்ணி ஊத்தி அலசிக்கிட்டிருந்தா. ஓரமாப் போங்கன்னா. நான் ஒரு காலைத் தண்ணியில வெச்சுட்டேன். சிரிச்சா."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"கதவு சார்?"

பூட்டு விழுகிற 'டக்' சத்தம் மூன்று மாதமாக அவன் காதுக்குள்ளேயே இருந்தது. அதை நம்பித்தான் அந்தப் பக்கத்தை எழுதினான். இப்போது அந்தக் காலையில் அதைத் தேடினான். தேடத் தேட வேறு காலைகளின் சத்தம்தான் வந்தது. ஷூ மாட்டிய கால்கள், உலர்ந்த தரை, பின்னாலிருந்து 'பார்த்துப் போங்க'. நூறு நாள் சொன்னதை எடுத்து நூற்றியோராவது நாளின் வாயில் வைத்திருக்கிறான். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன். தன் முதுகு தனக்குத் தெரியவில்லை.

"ஒரு கையில ரெண்டு ஷூவும், இன்னொரு கையில ஹெல்மெட்டும் இருந்துச்சு" என்றான். "மூடுறதுக்குக் கை இல்லை. மூடவும் இல்லை. மூட வேண்டாம்னுதான் சொன்னா."

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். கோப்பிலிருந்து அவன் எழுதிய பக்கத்தை உருவி மேஜைமேல் வைத்தாள். அவன் பேனா கேட்டு வாங்கி, எழுத்துகளின் மேலேயே குறுக்காக எழுதினான்: 'கதவு திறந்திருந்தது. நான் மூடவில்லை. இதில் உள்ளது தவறு.' கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தான்.

"அடுத்த வாய்தாவுக்குள்ள தம்பி வெளிய வந்துருவார் சார். நான் பார்த்துக்கிறேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களைக் கேட்டதே என் தப்பு" என்றாள்.

"கேட்டது பாதி. எழுதினது பாதி."

வெளியே வந்தான். மாமியார் அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் எதையும் படிக்க முடியாது, மூன்று மாதமாக யாராலும் முடியவில்லை.

"தம்பி வந்துருவான் அத்தை."

அவள் இரண்டு கைகளாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு கான்ஸ்டபிள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

"எப்படி மாப்பிள்ளை? என்ன சொன்னீங்க?"

"கதவு திறந்திருந்துச்சுன்னு சொன்னேன். எவனோ ஒருத்தன் அது வழியா நுழைஞ்சிருக்கான்."

அழுகை நின்றது. "யார் திறந்து போட்டது?"

"நான்தான்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறைவாள் என்று நினைத்தான். அறைந்தால் தேவலை என்றிருந்தது. அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"அவ 'பார்த்துப் போங்க'ன்னு சொன்னாளே. கதவைத் திறந்து போட்டுட்டுப் போறவரைப் பார்த்தா அப்படிச் சொன்னா?"

"சொல்லலை அத்தை. மத்த நாளெல்லாம் சொல்லுவா. அன்னைக்குச் சொல்லலை. நானா நினைச்சுக்கிட்டேன்."

"பின்ன என்னதான் சொன்னா?"

சொல்லாமல் இருந்துவிடலாம். பிடித்துக்கொள்ள அவளிடம் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். ஆனால் அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், விடுகிறவளாக இல்லை.

அன்று மனைவி, தரையில் மண்டிபோட்டு, கையில் ஈரத் துணியோடு, தலையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"பாலைப் பார்த்துக்கத் தெரியாத வாத்தியாரே, கதவைச் சாத்தாம போங்க. தரை காயட்டும்."