முடிவைச் சொல்லாதீங்க

நெய்வேலியில் ஒரு ஆளையும் புத்தகம் படிக்க விடாமல் தடுத்த பெருமை எனக்கு உண்டு. இதைத்தான் நான் வாசிப்பு இயக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பு எனக்கு வேலை. காலை ஷிப்ட் பஸ்ஸில் பக்கத்தில் மாட்டியவரிடம், "செம புத்தகம்ங்க, கட்டாயம் படிங்க" என்று ஆரம்பிப்பேன். ஆசை காட்ட வேண்டாமா? கதையையும் சொல்வேன். பஸ் சுரங்க வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் கதாநாயகியைச் சாகடித்துவிடுவேன். "அருமைங்க அருள்நாதன்" என்று இறங்கிப் போவார்கள். கதைதான் முடிந்துவிட்டதே, அப்புறம் எவன் புத்தகத்தைத் தொடுவான்? இது என் மரமண்டைக்கு உறைக்கவேயில்லை. புத்தகக் கண்காட்சியில் ஒரு கடைக்காரர் கும்பிடு போட்டார்: "சார், கொஞ்சம் அந்தாண்ட நின்னுக்கினு பேசுங்க. கதையக் கேட்டுட்டு எல்லாரும் சும்மா போறாங்க." அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஊர் கிடக்கட்டும். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஆள்தான். என் மனைவி ஆனி. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். அப்போது என் ரிட்டயர்மெண்டுக்கு ஒரு வருஷம்தான் பாக்கி. குவார்ட்டர்ஸைக் காலி செய்து சேத்தியாத்தோப்பு வீட்டுக்குப் போனால் நாங்கள் இரண்டே பேர். ஆளுக்கொரு புத்தகத்தோடு உட்கார்ந்து, படித்ததைப் பேசி மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டும் என்று எனக்கு அப்படியொரு ஏக்கம். எந்தப் புத்தகத்தை நீட்டினாலும் அவள், "அதான் நீங்களே சொல்லிடுவீங்களே" என்று கீரை ஆய்வாள். நானும் வெட்கமில்லாமல் சொல்வேன்.

ஒருநாள் அப்படி ஒரு நாவலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். விருத்தாசலம் ஜங்ஷனில் கணவன் டீ வாங்கிக்கொண்டு திரும்புகிறான். பெஞ்சில் பை இருக்கிறது, மனைவியைக் காணோம். சரியாக அங்கே எனக்கு இருமல் பிடித்தது. இருமி இருமிக் குரலே போய்விட்டது. டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் மூச்! வாயே திறக்கக் கூடாது" என்றார்.

வீட்டில் ஆனி கஷாயத்தை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"அவ எங்கதாங்க போனா?"

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

"யாராச்சும் இட்டுக்கினு போய்ட்டாங்களா, இல்ல அவளே போய்ட்டாளா?"

கையை ஆட்டி ரயில், பை எல்லாம் நடித்துக் காட்டினேன். அவளுக்கு நான் கிரேன் ஓட்டுவதுபோலத் தெரிந்திருக்கிறது.

"அட ஆண்டவரே! நாள்பூரா தொணதொணன்னு பேசுற மனுஷன், கேக்கும்போது வாய மூடிக்கினு ஒக்காந்திருக்கீங்களே!" என்று அலமாரியிலிருந்து புத்தகத்தை வெடுக்கென்று உருவிக்கொண்டு போனாள்.

அன்று சோறு அடிப்பிடித்தது. தீய்ந்த சோற்றை அவ்வளவு சந்தோஷமாக நான் தின்றதேயில்லை.

குரல் திரும்பியதும் முதல் வேலையாக, "ஆனி, அந்தப் பொண்ணு என்ன ஆனான்னா..." என்று ஆரம்பித்தேன். பட்டும் புத்தி வந்தால்தானே!

ஆனி கரண்டியை ஓங்கினாள். "முடிவச் சொன்னீங்க, அவ்ளோதான். இன்னும் கொஞ்சம் பக்கம் இருக்குது."

இப்போது சேத்தியாத்தோப்பில் இருக்கிறோம். போன கண்காட்சியில் ஆனியே பொறுக்கிய ஒரு தடிப் புத்தகம். நான் படிக்காதது. இன்று மத்தியானம் அதைப் படித்துக்கொண்டிருந்தவள், "ஐயோ" என்று நெஞ்சில் கை வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"என்னாச்சி? யாரு செத்தா? சொல்லேன்" என்று கெஞ்சினேன்.

அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "முடிச்சிட்டுத் தரேன். நீங்களே படிச்சிக்குங்க."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே சந்தோஷமும். எவ்வளவு பக்கம் பாக்கி என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.