பிளம் ஜாமில் கலந்த மாத்திரை

1.

இந்தக் கதை எனக்கு மாடிப்படியில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. டான்யூப் நதிக்கரை ஊரான பிரைலாவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் நான்காம் மாடிக்கார அம்மாள், பாதிப் படியில் நின்று, மூச்சு வாங்குவதுபோல் பாவனை செய்துகொண்டே இதைச் சொன்னார். சொல்லி முடித்ததும், "நீ எழுதுறவளாமே, எழுதிக்கோ. பேரை மாத்திடு. என்னைக் கொஞ்சம் ஒல்லியாக் காட்டு" என்றார்.

ஆகவே: வெத்தூரியா ஒல்லியானவர்.

என் முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "டான்யூப் நதியின் மீது பனிமூட்டம் ஒரு பழைய கடிதத்தைப் போல—" பழைய கடிதம் நதியின் மீது என்ன செய்யும் என்று யோசித்து, அடித்துவிட்டேன். மொழிபெயர்ப்பு நாவல்களை அளவுக்கு மீறிப் படிப்பவர்களுக்கு எதையும் பனிமூட்டத்தில் தொடங்கத் தோன்றும். அன்று நல்ல வெயில்.

இரண்டாம் வரைவு: "வெத்தூரியா தன் கணவனை ஏமாற்றினார்." இது உண்மை. ஆனால் நீங்கள் வேறெதையோ நினைத்துக்கொள்வீர்கள்.

2.

டப்பாவைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. நீல நிற பிஸ்கட் டப்பா. பிஸ்கட் தீர்ந்து பல வருஷம் ஆகிறது. எங்கள் படிக்கட்டில் எட்டு வீடுகள். யாருக்காவது மருத்துவர் ஏழு நாளைக்கு ஆண்டிபயாடிக் எழுதிக்கொடுத்தால், மூன்றாம் நாளே உடம்பு தேறிவிடும். மீதி நான்கு நாள் மாத்திரை வெத்தூரியாவின் டப்பாவுக்குப் போய்விடும். குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் ஊறப்போடுவதைப் போல இதுவும் ஒரு சேமிப்பு. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கொடுப்பதை நிறுத்திய பிறகு டப்பாவின் மதிப்பு இன்னும் ஏறியது.

வெத்தூரியா மாத்திரை அட்டையைக் கத்தரித்து, அதன் முதுகில் பேனாவால் 'தொண்டை', 'பல்', 'நீர்க்கடுப்பு' என்று எழுதி வைப்பார். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் வெட்டுப்பட்ட பக்கத்தோடு போயிருக்கும்.*

* நானும் 'தொண்டை' மூன்று வாங்கி விழுங்கியிருக்கிறேன். எனக்கு வந்திருந்தது வெறும் சளி. சளி வைரஸால் வருவது, அந்த மாத்திரைக்கு அதனிடம் ஒரு வேலையும் இல்லை. நான்காம் நாள் சளி தானாகப் போனது. நல்ல பெயரை டப்பா தட்டிக்கொண்டது.

3.

மார்ச் மாதம் வெத்தூரியாவின் கணவர் சாபினுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். சிறுநீர் போகையில் எரிச்சல், இடுப்பில் வலி. சமையலறை ஜன்னலையும் பால்கனிக் கதவையும் ஒரே நேரத்தில் திறந்துவைத்ததில் குறுக்குக் காற்று இடுப்பில் இறங்கிவிட்டது என்பதில் எட்டு வீட்டுக்கும் ஒரே கருத்து.

இரண்டு வருஷத்தில் இது நான்காம் முறை. முந்தைய மூன்றையும் டப்பா பார்த்துக்கொண்டது. ஒருமுறை இரண்டு நாள் மாத்திரை, ஒருமுறை மூன்று நாள், கிடைத்ததைப் பொறுத்து. ஒவ்வொரு முறையும் எரிச்சல் அடங்கியது. எளிதில் சாகக்கூடிய கிருமிகள் செத்தன. மருந்தைத் தாங்கத் தெரிந்தவை மிச்சமிருந்து பெருகின. (இந்த வாக்கியத்தில் கட்டுரை வாடை அடிக்கிறது. மூன்று முறை திருத்தியும் போகவில்லை. நடந்தது அதுதான், இருக்கட்டும்.)

இந்தமுறை சாபின் டப்பா வேண்டாமென்று மருத்துவர் இலிங்காவிடம் போனார். அவர் சிறுநீரைப் பரிசோதனைக்கூடத்தில் கொடுக்கச் சொன்னார். கிருமியை வளர்த்துப் பார்த்தால் அது எந்த மருந்துக்குச் சாகும் என்று தெரிந்துவிடும். மாதிரி கொடுக்கும்வரை ஆண்டிபயாடிக் தொடக்கூடாது. அன்று வெள்ளிக்கிழமை மாலை. கூடம் திங்கட்கிழமைதான் திறக்கும்.

கணவன் நடுங்குவதை இரண்டு நாள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வெத்தூரியாவால் முடியவில்லை. 'நீர்க்கடுப்பு' மாத்திரைகளை நசுக்கி, பிளம் ஜாமில் குழைத்து, ரொட்டியில் தடவிக் காலையும் மாலையும் கொடுத்தார். ஜாம் கசக்கிறதே என்று சாபின் கேட்டதற்கு, போன வருஷத்துப் பிளம்மே அப்படித்தான் என்றார்.

திங்களன்று கூடத்துப் பெண், சமீபத்தில் ஆண்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். சாபின் தனக்குத் தெரிந்தவரை இல்லை என்றார். வெத்தூரியா கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினார்.

4.

முடிவு வந்தது: எதுவும் வளரவில்லை.

ஆனால் காய்ச்சல் போகவில்லை. மாதிரி கொடுத்தபின் இலிங்கா எழுதித் தந்த மாத்திரையும் அதை அசைக்கவில்லை. கிருமி இல்லையென்றால் வேறென்ன? உள்ளே கட்டி ஏதும் இருக்குமோ என்று ஸ்கேனுக்கு எழுதினார். சாபின் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் தன் தூண்டில்கள் அத்தனையையும் இரண்டாம் மாடிக்காரரிடம் கொடுத்துவிட்டார். நிலவறைப் பூட்டின் சாவி எது என்று மனைவிக்குக் காட்டிக்கொடுத்தார்.

கிருமி ஏன் வளரவில்லை என்பது உலகத்தில் ஒருவருக்கு மட்டும் தெரியும்.

இங்கேதான் எனக்குச் சந்தேகம். இப்படிப்பட்ட பெண் நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருப்பாரா? வாசகர் நம்புவாரா? அவரிடமே கேட்டேன். "வெக்கம்னு ஒண்ணு இருக்கே, அது காய்ச்சலை விட மோசம். எட்டு வீட்டுக்கு டாக்டரா இருந்தவ நான்" என்றார்.

ஐந்தாம் நாள் வெத்தூரியா கண்ணாடி முன் நின்று, தன் முகத்தையே யாரோ ஒரு—

இல்லை. அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை அப்படியே வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

5.

மருத்துவரின் வாசலில் ஆறு பேர் காத்திருந்தார்கள். அவர்களின் முணுமுணுப்பைத் தாண்டி உள்ளே போய், உட்காராமலே சொன்னார்.

"டாக்டரம்மா, அதுல ஒண்ணும் வளராததுக்கு நான்தான் காரணம். முன்னாடியே மாத்திரை குடுத்துட்டேன்."

இலிங்கா நிமிர்ந்து பார்த்தார். "என்ன மாத்திரை?"

"நீர்க்கடுப்பு."

"அது வியாதி பேரு. நான் மருந்து பேரைக் கேக்கிறேன்."

"அது வெட்டின பக்கத்தோட போயிடுச்சு."

"எத்தனை குடுத்தீங்க?"

"நாலு. ஜாம்ல."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ஜாமைத் தொடுவாரா அந்த மனுஷன்?"

திட்டு விழும் என்று வெத்தூரியா தோளை இறுக்கி வைத்திருந்தார். இலிங்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. இதைச் சொல்ல வந்தீங்களே, அதுவே பெரிசு. மருந்து கலந்த சிறுநீர்ல கிருமி சாகலன்னாலும் கூடத்துல வளராம ஒளிஞ்சுக்கும். நான் கட்டியத் தேடிக்கிட்டே இருந்திருப்பேன், கிருமி கிட்னிக்கு ஏறியிருக்கும்."

இப்போது போட்டுவரும் மாத்திரையையும் நிறுத்தி இரண்டு நாள் விட்டு மறுபடி மாதிரி கொடுக்க வேண்டும். நடுக்கம் அதிகமானால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதுவரை ஜாமும் வேண்டாம் என்றார்.

6.

நான் விரும்பிப் படிக்கும் நாவல்களில் இந்த இடத்தில் சாபின் இறந்துவிடுவார். வெள்ளைத் திரை காற்றில் அசையும். அப்படியும் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். மிக அழகாக வந்தது. கிழித்துப் போட்டேன்.

இரண்டாம் முடிவுத் தாளில் பதினோரு மருந்துகள். கூடத்து வாசலிலேயே நின்று, வெத்தூரியா விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு இறங்கினார். முதல் ஒன்பதுக்கு நேரே 'எதிர்ப்பு' என்றிருந்தது. டப்பாவில் பெயர் மிஞ்சியிருந்தவை எல்லாம் அந்த ஒன்பதுக்குள் வந்துவிட்டன. பத்தாவது, 'கட்டுப்படும்'. ஆனால் அது மருத்துவமனையில் மட்டும் போடுகிற ஊசி. பதினொன்றாவது, எல்லோரும் மறந்துபோன ஒரு பழைய மாத்திரை. 'கட்டுப்படும்.' வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கூடத்துப் பெண் தண்ணீர் கொண்டுவந்தாள்.

பதினான்கு நாளைக்கு எழுதிக்கொடுத்தார் இலிங்கா. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. சாபின் மீன் சாறு இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, தூண்டில்களைத் திரும்பக் கேட்டு இரண்டாம் மாடிக்கு இறங்கிப் போனார். அன்றிரவே ஜாம் விஷயமும் வெளிவந்தது. அவர், "அப்போ பிளம்மைத் திட்டினது தப்பு. உன்னைத்தான் திட்டியிருக்கணும்" என்றாராம். அதோடு சரி.

இதை எழுதும்போது எனக்கே மூச்சு சீரானது.

7.

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் இன்று அந்தப் பதினான்கில் பத்தாம் நாள்.

காலையில் ரொட்டி வாங்கிவந்த வெத்தூரியா என் வீட்டுக் கதவைத் தட்டினார். முதல் மாடி ஸம்பீராவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. சாபின் மாத்திரை அட்டையை மேஜையின் குறுக்கே தள்ளி வைத்துவிட்டாராம்: "உடம்பு கல்லாட்டம் இருக்கும்மா. மீதி அஞ்சு நாளுது இருக்கே, அவளுக்குக் குடுத்துடு. பாவம், கத்தக்கூட முடியல அவளால."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"ரொட்டி வாங்கிட்டு வந்து சொல்றேன்னு சொன்னேன்."

மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன். (அ) வெத்தூரியா அட்டையை எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறார். (ஆ) ஸம்பீராவுக்குத் தேன் போட்ட தேநீர் போகிறது, சாபினுக்கு மாத்திரை. (இ) கணவனும் மனைவியும் நன்றாகச் சண்டை போடுகிறார்கள், அப்புறம் (ஆ).

எனக்கு (இ)தான் பிடித்திருக்கிறது. ஆனால் என் ஆசையை அவர்கள் வாயில் திணிக்கக்கூடாது. நான் மூன்றாம் மாடி, அவர்கள் என் தலைக்கு மேலே. இதோ, நாற்காலி நகர்கிறது. சாபினின் குரல் உயர்கிறது. வெத்தூரியாவின் குரல் அதைவிட உயர்கிறது. அப்புறம் குழாய் திறக்கிறது. ஒரு டம்ளர் நிறைகிற நேரம் மட்டும் ஓடி, நிற்கிறது.

பேனாவை மூடிவிட்டேன். டம்ளர் உங்கள் கையில்.